வாங்கின கை, கொடுக்கிற கை ஆன கதை

(தலைப்பு: "நாட்டுக்குப் பெரிய சவால் விடுதலை பெற்றதா? விடுதலைக்குப் பின் ஆட்சி அமைத்ததா?" 'ஆட்சி அமைத்ததே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய அம்மா, சிறை, தடியடி, தூக்குமேடை எல்லாம் சொல்லிக் கண்ணைக் கலங்க வச்சுட்டாங்க. அந்தத் தியாகத்தை நான் குறைச்சுப் பேச வரலை. ஆனா ஒண்ணு கேட்கிறேன். கல்யாணம் பண்றது கஷ்டமா, குடும்பம் நடத்துறது கஷ்டமா? (சிரிப்பு) தாலி கட்டுறது ஒரு முகூர்த்தம். மறுநாள் காலையில பால்காரர் வந்து நிற்பார் பாருங்க, அங்கேதான் வாழ்க்கை ஆரம்பம்! 1947 ஆகஸ்ட் 15 முகூர்த்தம். நான் பேச வந்தது ஆகஸ்ட் 16 பற்றி.

அதுக்கு வேற எங்கேயும் போக வேண்டாம், இந்தச் செங்கல்பட்டே போதும். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக் கொடுத்தார். கம்பெனிக்காரன் முதலில் என்ன செய்தான்? பள்ளிக்கூடம் கட்டினானா? 1767-லிருந்து 1774 வரை பர்னார்டு என்பவரை வச்சு ஊர் ஊரா அளந்தான். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல். எதுக்கு? வரி வாங்க! அப்புறம் வந்த அதிகாரிக்குப் பேரே கலெக்டர். அந்தச் சொல்லுக்கு வசூல் பண்றவர்னுதான் அர்த்தம். (சிரிப்பு)

அதில் நல்லவங்க இல்லையா? இருந்தாங்க. 1790-களில் இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையை மதுராந்தகத்தில் இன்றைக்கும் சொல்றாங்க. பெருமழையில் ஏரிக்கரை உடையுமோன்னு பயந்து போய்ப் பார்த்தவருக்கு, ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையைக் காவல் காத்த காட்சி தெரிந்ததாம். ஏரி காத்த ராமர் கதை இது. இந்தக் கதையில ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? ஏரியைக் காப்பாத்தினது யாருன்னா ஜனங்க ராமரைச் சொன்னாங்களே தவிர, சர்க்காரைச் சொல்லலை! (பலத்த கைதட்டல்) சர்க்கார்னா வாங்குற கை. அதுதான் மனசில பதிஞ்சு போச்சு.

சரி, 1947-ல் கொடி மாறியது. தாலுகா ஆபீஸ் மாறியதா? அதே கட்டடம், அதே தாசில்தார், அதே மணியக்காரர், அதே கர்ணம், அதே அடங்கல் கணக்கு. போதாக்குறைக்கு உணவுப் பஞ்சம். விவசாயிகிட்ட லெவி நெல் எடுத்தாங்க. ஒரு ஜில்லா அரிசி இன்னொரு ஜில்லாவுக்குப் போகக் கட்டுப்பாடு. "ஜீப் சத்தம் கேட்டா குதிர் மேல வைக்கோலைப் போட்டு மூடுவோம்"னு எங்க தாத்தா சொல்லுவார். நம்ம சர்க்கார்தான், நம்ம ஆளுதான். ஆனாலும் பயம்! ராஜாஜி முதலமைச்சராகி, 1952 ஜூனில்தான் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்.

அந்த ராஜாஜி ஆட்சி அமைந்ததே லேசான காரியமா? முதல் பொதுத் தேர்தல். நாட்டில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல், அதில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல சின்னம். பட்டியல் எடுக்கப் போனா, பல பெண்கள் பேரையே சொல்லலை. "இன்னார் சம்சாரம், இன்னார் மகள்"னு சொன்னாங்க. சொந்தப் பெயர் இல்லாததால், பெரும்பாலும் வட மாநிலங்களில், சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். தாய்மார்களே, வெள்ளைக்காரனை வெளியே அனுப்பியாச்சு, ஆனா உள்ளே இருக்கிற பெண்ணுக்கு ஒரு பெயர் எழுத முடியலை. இது சவால் இல்லையா? (கைதட்டல்)

சென்னை மாநிலச் சட்டசபையில் 375 இடம். காங்கிரசுக்குக் கிடைச்சது 152. பெரும்பான்மை இல்லை. வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் செல்வாக்கோடு இருந்த காமன்வீல் கட்சி கை கொடுத்தது. அதன் தலைவர் மாணிக்கவேல் நாயக்கர் மந்திரியானார். அந்தக் கை நீளலைன்னா கணக்கு இன்னும் சிக்கல்!

ஆனா ஐயா, எண்ணிக்கையைச் சரிக்கட்டிடலாம். இருநூறு வருஷமா வாங்கியே பழகின கையைக் கொடுக்கிற கையா மாத்தணுமே? அது மாறின இடமும் இதே செங்கல்பட்டுதான். பக்கத்தில் திருமணி. அங்கே வெள்ளைக்காரர் காலத்துத் தொழுநோய் சானடோரியம் ஒன்று இருந்தது. பெத்த பிள்ளையே தொடத் தயங்கின காலம். 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்க்கான போதனை ஆராய்ச்சி நிலையமாக்கியது. இந்த ஏழை நோயாளிகிட்ட என்ன வரி வரும்? ஒரு பைசா வராது. வராதுன்னு தெரிஞ்சும் ஒரு சர்க்கார் வந்து நின்னதே, அன்னைக்குத்தான் கை மாறியது. (கைதட்டல்)

இன்னொண்ணு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்குமான்னு உலகமே கவனிச்ச பெரிய சோதனை ஆரம்பமாச்சு. கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரை 2,50,000 பேருக்கு மேல் ஊசி போட்டுக்கிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. ஜீப்பைப் பார்த்து நெல்லை ஒளிச்ச ஜனங்க, ஜீப்பில் வந்தவர்கிட்ட சொந்தப் பிள்ளையின் கையை நீட்டினாங்க! முடிவு என்ன? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கலைன்னு வந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைக்கு அது இன்றும் பாதுகாப்புத்தான். எதிர்பார்த்தது வரலை. ஆனாலும் மூடி மறைக்காம உலகத்துக்கு வெளியிட்டாங்க. ஜனங்க நம்பிக் கையை நீட்டணும், சர்க்கார் உண்மையைச் சொல்லணும். இந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் ஐயா ஆட்சி!

இங்கே ஐந்து ரதத்தைப் பார்த்திருப்பீங்க. பல்லவன் பாறையைச் செதுக்கினான். அதுவே முழுசா முடியலை. கல்லுக்குக் கோபம் வராது, பசி வராது, ஓட்டுப் போடாது. அதையே முடிக்க முடியலைன்னா, பயந்து போன மனுஷ மனசில் நம்பிக்கையைச் செதுக்கறது எவ்வளவு பெரிய வேலை? அந்த வேலை இன்னும் நடக்குது. இன்றைக்கும் ஒரு முதியோர் உதவித்தொகைக்காக ஒரு பாட்டி ஆபீஸ் வாசலில் காலையிலிருந்து காத்திருந்தா, அங்கே பழைய கம்பெனிக் கை எட்டிப் பார்க்குதுன்னு அர்த்தம்.

விடுதலை ஒரு நாள் வந்தது. ஆட்சியைத் தினம் தினம் அமைக்கணும். அதனால் பெரிய சவால் ஆட்சி அமைத்ததே என்று தீர்ப்புத் தாருங்கள் ஐயா. (கைதட்டல்)