எருமப்பட்டிக்கு எத்தனை எழுத்து? பைத்தான் நிரலாக்கத்தில் தமிழ் எழுத்தெண்ணிக்கையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் தரவுகளை ஆராய இன்று பரவலாகப் பயன்படும் நிரல்மொழி பைத்தான் ஆகும். அதில் ஒரு தமிழ்ச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் கிடைக்கும் விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. நாமக்கல் மாவட்டத்து ஊர்ப்பெயரான ‘எருமப்பட்டி’ என்பதைச் சான்றாகக் கொண்டு அம்மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பிழையற்ற தமிழ் நிரலை எழுதத் துணைசெய்யும் நெறிகளையும் கருவிகளையும் அவ்வரலாற்றின் வழியே மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: பைத்தான், ஒருங்குறி, குறிப்புள்ளி, எழுத்து, ஓப்பன்-தமிழ், எழில்

முன்னுரை

ஊர்ப்பெயராய்வு, யாப்பாய்வு, சொல்லடைவு உருவாக்கம் ஆகியவை எழுத்தை எண்ணுவதில் தொடங்குகின்றன. ‘எருமப்பட்டி’ என்னும் சொல்லில் எ, ரு, ம, ப், ப, ட், டி என ஏழு எழுத்துகள் உள்ளன. இதனைத் தொடக்கப்பள்ளி மாணவரும் எளிதில் எண்ணிவிடுவர். ஆனால் பைத்தான் மொழியின் நீளங்காணும் செயற்கூறு இச்சொல்லுக்கு ஒரு காலத்தில் 33 என விடை தந்தது. இன்று 11 எனத் தருகிறது. ஏழு என்னும் விடையைப் பெறத் தமிழறிந்த நிரலாளரின் தனி உழைப்பு தேவைப்பட்டது. இம்மூன்று எண்களும் மூன்று காலகட்டங்களைக் குறிக்கின்றன.

பைட்டுகளின் காலம்: 33

கைடோ வான் ரோசம் உருவாக்கிய பைத்தான் 1991ஆம் ஆண்டில் வெளியானது. ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். எனினும் பைத்தானில் ஒருங்குறிச் சரம் என்னும் தனி வகை 2000ஆம் ஆண்டில்தான் இடம்பெற்றது. அப்போதும் இயல்பான சரம் பைட்டுகளின் வரிசையாகவே இருந்தது. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிப்புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. எனவே 11 குறிப்புள்ளிகள் கொண்ட ‘எருமப்பட்டி’ 33 ஆயிற்று.

அக்காலத்தில் தமிழ்த் தரவுகளும் ஒரே குறியாக்கத்தில் இருக்கவில்லை. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகிய குறியாக்கங்கள் முன்வைக்கப்பட்டன. இணையக் குழுக்களில் டிஸ்கி வழங்கியது. பாமினி முதலிய எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனிக் குறியாக்கங்களைக் கொண்டிருந்தன. டிஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாகப் பதியும். ஆகவே குறியாக்கத்தை மாற்றுவதே தமிழ் நிரலாளரின் முதற்பணியாக இருந்தது.

குறிப்புள்ளிகளின் காலம்: 11

2008 டிசம்பர் 3 அன்று வெளியான பைத்தான் 3.0, எல்லாச் சரங்களையும் ஒருங்குறிச் சரங்களாக்கியது. நிரல்கோப்பின் இயல்பான குறியாக்கமும் யூ.டி.எஃப்-8 ஆயிற்று. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிவுற்றது. 33 என்னும் விடை அத்துடன் வழக்கொழிந்தது. ஆயினும் 11 என்பதும் தமிழ் எழுத்தெண்ணிக்கை ஆகாது.

இதன் காரணம் ஒருங்குறியின் அமைப்பில் உள்ளது. ஒருங்குறி, இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறியாக்கத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியது. அதில் அகரமேறிய மெய் அடிப்படைக் குறியாகும். உயிர்க்குறியும் புள்ளியும் அதன்மேல் சேரும் தனிக் குறிகளாகும். தமிழிலக்கணம் கொண்ட நெறி வேறு. தொல்காப்பிய மரபில் மெய்யே அடிப்படை. அதனோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கிறது. ம் + இ = மி என்பது இலக்கண நெறி; ம + இகரக்குறி = மி என்பது ஒருங்குறி நெறி. இவ்வேறுபாட்டைக் களைய, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறிப்புள்ளி வழங்கும் டேஸ் 16 குறியாக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதத்தில் ஏற்றது. அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் பொதுவான மென்பொருள்களில் ஒருங்குறியின் இடத்தைப் பெறவில்லை.

நிரலாக்கத்தில் இவ்வேறுபாடு நான்கு வகைப் பிழைகளை விளைவிக்கிறது.

முதலாவது, வெட்டுதல். ‘எருமப்பட்டி’யின் முதல் இரண்டு உறுப்புகளைக் கேட்டால் ‘எரு’ கிடைப்பதில்லை, ‘எர’ கிடைக்கிறது. உகரக்குறி அறுபட்டு, சொல்லில் இல்லாத ரகரம் தோன்றுகிறது.

இரண்டாவது, சொற்பிரிப்பு. பைத்தானுடன் வரும் தேடுகோவைத் தொகுதியில், சொல்லுறுப்பைக் குறிக்கும் குறியீடு உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. அதனால் ‘எருமப்பட்டி’ என்னும் ஒரு சொல் எர, மப, பட, ட என நான்கு துண்டுகளாகச் சிதறுகிறது. நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது; அட்டவணையும் ஒழுங்காகவே தோன்றும். ஆகவே இந்நான்கனுள் ஆய்வாளருக்கு மிகுந்த கேடு விளைப்பது இதுவே.

மூன்றாவது, அகரவரிசை. இஸ்கியில் ன, ற, ழ ஆகியவை தேவநாகரியில் புள்ளியிட்ட எழுத்துகளுக்குரிய இடங்களில் அமைந்தன. அதனால் ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. தமிழ் அகராதியில் ‘மயில்’ முன்னும் ‘மனை’ பின்னும் வரவேண்டும். பைத்தானின் இயல்பான வரிசைப்படுத்தலில் ‘மனை’ முந்திவிடுகிறது.

நான்காவது, சமன். ‘கொல்லிமலை’யின் ஒகரக்குறியை ஒரே குறிப்புள்ளியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிப்புள்ளிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒன்றின் நீளம் 9, மற்றொன்றின் நீளம் 10. இரண்டும் சமமா எனக் கேட்டால் ‘அன்று’ என்பதே பைத்தானின் விடை. தரவை உள்ளீடு செய்தவுடன் ஒருங்குறி இயல்பாக்கம் செய்வதே இதற்குத் தீர்வு. அதற்கான தொகுதி பைத்தானிலேயே உள்ளது.

எழுத்துகளின் காலம்: 7

முத்து அண்ணாமலை, தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் ‘எழில்’ மொழியைப் பைத்தானில் உருவாக்கி, 2009இல் அது குறித்த கட்டுரையை வெளியிட்டார். அதில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் கட்டளை பின்னும் வருகின்றன. தமிழ்த் தொடரமைப்பை ஒட்டிய முடிவு இது. பின்னர் 2013ஆம் ஆண்டளவில் அவரும் தன்னார்வலர் பலரும் ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் கட்டற்ற பைத்தான் நூலகத்தை வளர்த்தெடுத்தனர்.

ஒரு சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு இந்நூலகத்தின் அடித்தளமாகும். அதன்வழி ‘எருமப்பட்டி’க்கு ஏழு என்னும் விடை கிடைக்கிறது. பழைய குறியாக்கங்களை மாற்றுதல், அகரவரிசையில் ஒப்பிடுதல், எழுத்துப்பெயர்ப்பு, சொல்திருத்தம் ஆகியவற்றுக்கான பகுதிகளும் அதில் உள்ளன. சொற்பிரிப்புச் சிக்கலுக்கு, இயல்பான தேடுகோவைத் தொகுதிக்கு மாற்றாக மாத்யூ பார்னெட் உருவாக்கிய தொகுதி உதவுகிறது. அது உயிர்க்குறிகளைச் சொல்லுறுப்பாகவே கொள்கிறது.

கருவி மட்டும் போதாது. அது சரியாக இயங்குகிறதா எனச் சோதிக்கவும் வேண்டும். 2001 முதல் பைத்தானுடன் வழங்கப்படும் அலகுச்சோதனைத் தொகுதி இதற்கு ஏற்றது. சோதனைக்கு வேண்டிய அளவுகோலைத் தமிழிலக்கணமே தருகிறது: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இவை ஒவ்வொன்றும் ஒன்றென எண்ணப்படுகிறதா எனச் சோதித்த பின்னரே ஒரு நிரலைத் தரவின்மீது இயக்குதல் தகும்.

நல்ல நிரல் எம்மொழியில்?

2001இல் எழுதப்பட்ட ‘பெப் 8’ பைத்தான் நிரல்நடைக்கான வழிகாட்டியாகும். ஆங்கிலம் அறியாதவர் எவரும் நிரலைப் படிக்கப்போவதில்லை என்பதன்று, குறிப்புரையின் மொழியை அறியாதவர் எவரும் படிக்கப்போவதில்லை என 120 விழுக்காடு உறுதியிருந்தாலொழிய, குறிப்புரைகளை ஆங்கிலத்திலேயே எழுதுமாறு அது வேண்டுகிறது. 2007ஆம் ஆண்டின் ‘பெப் 3131’ பிறமொழி எழுத்துகளில் மாறிகளுக்குப் பெயரிட இடமளித்தது. ஆகவே பைத்தான் 3இல் ‘ஊர்ப்பெயர்’, ‘அசை’, ‘சீர்’ ஆகியவை மாறிப்பெயர்களாகலாம். உலகளாவிய நூலகத்துக்கு ஆங்கிலப் பெயர்கள் பொருந்தும். யாப்பு நிரலிலோ, நேரசை, நிரையசை என்பவற்றை ஆங்கிலத்தில் பெயர்ப்பதால் தெளிவு குறையும். படிப்பவர் யார் என்பதே இங்கு அளவுகோல். வழிகாட்டியின் உட்கருத்தும் அதுவே.

முடிவுரை

33, 11, 7 என்னும் மூன்று விடைகளும் தத்தம் அளவில் சரியானவையே. முதலாவது பைட்டுகளை எண்ணியது. இரண்டாவது குறிப்புள்ளிகளை எண்ணியது. மூன்றாவது எழுத்துகளை எண்ணியது. பிழை, ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாகக் கொள்வதில் நேர்கிறது. எருமப்பட்டி, எருமைப்பட்டி என இரு வடிவங்களிலும் எழுதப்படும் இவ்வூர்ப்பெயருக்கு இரு வடிவிலும் எழுத்து ஏழே; குறிப்புள்ளியோ 11, 12 என வேறுபடும். ஐகாரக் குறைவால் வந்த திரிபு எழுத்தின் எண்ணிக்கையை மாற்றாது என்னும் இலக்கண உண்மையைக் குறிப்புள்ளிக் கணக்கு மறைத்துவிடும். எனவே கணினிவழித் தமிழாய்வுகள் எந்த அலகை எண்ணின, தரவை இயல்பாக்கினவா, எந்தத் தொகுதியால் சொற்களைப் பிரித்தன என்பவற்றை ஆய்வுநெறிப் பகுதியிலேயே குறிப்பிடுதல் வேண்டும். அவை இல்லாத எண்ணிக்கையைப் பிற ஆய்வாளர் சரிபார்க்க இயலாது.