மின்னி பேர்ல் கோழிக்கடைகள்

1960களின் இறுதி. கென்டக்கி ஃபிரைடு சிக்கனின் வெற்றி அமெரிக்காவில் பலருக்கு ஆசை காட்டியது. நாஷ்வில்லில் ஜான் ஜே ஹூக்கர், நகைச்சுவை நடிகை மின்னி பேர்லின் பெயரில் கோழிக்கடை உரிமங்களை விற்றார். இன்னும் திறக்காத கடைகளுக்கான உரிமக் கட்டணத்தையும் நிறுவனம் உடனடி வருமானமாகக் கணக்கு எழுதியது. பங்கு விலை எகிறியது.

பிறகு எல்லாம் சரிந்தது.

உரிமம் வாங்குபவர்களைக் காக்க, கலிஃபோர்னியா 1970இல் உரிம விற்பனைக்கெனச் சட்டம் இயற்றியது. 1978இல் கூட்டாட்சி வணிக ஆணையம் நாடு முழுமைக்கும் விதி வகுத்தது. இன்று கையெழுத்துக்கு 14 நாள் முன்பே உரிமம் பற்றிய விவரங்களைச் சொல்லும் வெளிப்படுத்தல் ஆவணம் வாங்குபவர் கைக்கு வந்தாக வேண்டும். அதன் 23 பகுதிகளில் வாங்குபவருக்கு உயிர்நாடி 20ஆவதுதான்: மூடிய கடைகளின் எண்ணிக்கை, விலகியவர்களின் தொடர்பு விவரம் எல்லாம் அங்கே இருக்கும். ஆனால் ஆவணத்தை எழுதுவது விற்பவரே. ஆணையம் அதைச் சரிபார்த்துச் சான்றளிப்பதில்லை.