பட்டியலில் இல்லாத அறை: தில்லைச் சுவடிகளும் சர்வர் கோப்புறைகளும்

தில்லை எனப்படும் சிதம்பரம் கோயிலில் தேவாரச் சுவடிகள் கிடந்த பூட்டிய அறையைப் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலமாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: கதவைத் திறக்க மறுத்தவர்கள் யார், எதற்காக? அந்த மறுப்பை ஆதிக்கமாகப் படிப்பவர்கள் உண்டு. மரபைக் காத்த செயலாகப் படிப்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் மறுப்புதான் கதையின் மையம். இக்கட்டுரைக்கு அதில் உடன்பாடில்லை. மறுப்பு நிகழ்வதற்கு வெகுகாலம் முன்பே சுவடிகள் அழியத் தொடங்கிவிட்டன. அப்படி ஓர் அறை இருப்பது எவர் கணக்கிலும் வராமல் போனதே அழிவுக்குக் காரணம் என்பது இங்கே முன்வைக்கப்படும் வாசிப்பு.

இந்த வாசிப்புக்கு வழிவிட்டது இலக்கிய ஆய்வு அல்ல, அலுவலக சர்வர். ஒரு ஷேர்டு ஃபோல்டரை வைக்கும்போது இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே யார் போகலாம் என்பது ஒன்று. அதன் பெயர் யார் கண்ணில் படலாம் என்பது மற்றொன்று. விண்டோஸில் முதலாவதை ஷேர் அனுமதியும் என்டிஎஃப்எஸ் அனுமதியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். இரண்டாவதற்குப் பழைய வழி, ஷேர் பெயரின் கடைசியில் ஒரு டாலர் குறி போடுவது. உண்மையில் அதை சர்வர் மறைப்பதே இல்லை. பெயரை அது அனுப்பிவிடுகிறது. எதிர்முனையில் இருக்கும் விண்டோஸ் கணினிதான் காட்டாமல் விடுகிறது. லினக்ஸ் கணினியிலிருந்து சாம்பா வழியே கேட்டால் அதே பெயர் வரிசையில் வந்து நிற்கும். நாவெல் நெட்வேர் கோலோச்சிய நாட்களில் உரிமையில்லாத டைரக்டரி பயனருக்குத் தென்படாமல் இருப்பதே இயல்பு. விண்டோஸுக்கு அந்த வசதி 2005-இல், விண்டோஸ் சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக்கை ஒட்டி, ‘அக்செஸ் பேஸ்டு எனுமரேஷன்’ என்ற பெயரில் வந்து சேர்ந்தது. சாம்பாவில் ‘ஹைட் அன்ரீடபிள்’ என்ற ஒற்றை வரி அந்த வேலையைச் செய்கிறது.

இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது துறையின் வழக்கம். மறைத்து வைத்தது பாதுகாத்ததாகாது, அனுமதியைச் சரியாகப் போடு என்பார்கள். சொல்வது சரிதான், ஆனால் பாதிதான். மறைப்பு பாதுகாப்பு தராவிட்டாலும் அதற்கென்று ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது பயனரோ நிர்வாகியோ அல்ல, உள்ளே கிடக்கும் கோப்பு.

இனி மூலத்துக்கு வருவோம். உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் ‘திருமுறை கண்ட புராணம்’ ஒரு சிறிய நூல். அதன் ஆசிரியர் அவர்தானா என்ற ஐயம் உண்டு; பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அவரே என்று கொண்டால், கதைக்கும் நூலுக்கும் இடையே மூன்று நூற்றாண்டேனும் இடைவெளி இருக்கிறது. நூல் சொல்லும் ‘இராசராச மன்னவன் அபயகுலசேகரன்’ 985-இல் பட்டமேறிய முதலாம் இராசராசனா, அவனுக்கு முந்திய ஆதித்தனா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. அந்த வழக்கில் யார் வென்றாலும் இங்கே எடுத்துக்கொண்ட வாதத்துக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நிகழ்ந்தது இதுதானா என்பது இக்கட்டுரையின் கேள்வி அன்று; ஒரு சுவடிக் களஞ்சியம் எப்படிக் கெட்டுப்போகும் என்பதைப் பற்றி அந்நூல் என்ன நினைத்தது என்பதே கேள்வி.

நூலில் நிகழ்வுகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவர் பாடலில் தோய்ந்த அரசனுக்கு அவை முழுமையாக எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. இன்றைய கடலூர் மாவட்டத்துத் திருநாரையூரில், திருமுறைகளைத் தொகுத்தவராகச் சொல்லப்படும் நம்பியாண்டார் நம்பியைத் தேடிப் போகிறான். நம்பி அவ்வூர்க் கோயிலின் பொல்லாப் பிள்ளையாரிடம் கேட்கிறார். தில்லையில், அம்பலத்தின் பின்புறம், மூவரின் கையடையாளம் இட்டுக் காப்பிட்ட அறையில் இருக்கிறது என்று விடை வருகிறது. அதன்பிறகே அரசன் தில்லைக்குப் போகிறான். அங்கே தில்லைவாழ் அந்தணர், பாடிய மூவரும் வந்தால் கதவு திறக்கும் என்கிறார்கள். அரசன் மூவர் படிமங்களுக்கு விழாவெடுத்து, கதவின் முன் எழுந்தருளச் செய்கிறான். கதவு திறக்கிறது. சுவடிகளைக் கறையான் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் சொரிந்து எடுத்தது போக மிச்சம் மண்.

இந்த வரிசையில் மறுப்பு வருவது கடைசிக்கு முந்திய கட்டத்தில். அதற்கு முன்னால், அறை இருக்குமிடத்தைத் தெரிந்துகொள்ள நாடாளும் மன்னனுக்கே தெய்வத்தின் வாய்மொழி தேவைப்பட்டிருக்கிறது. தில்லைக்கும் திருநாரையூருக்கும் நடந்தே போய்விடக்கூடிய தொலைவுதான். அத்தனை அருகிலிருந்த நம்பிக்கும் தெரியவில்லை. டாலர் குறி போட்ட ஷேரின் நிலைமை இதுவே: முகவரி தெரிந்தவர் நேராக வாசலுக்கு வரலாம், தெரியாதவருக்கு வாசலே கிடையாது.

அந்தணர் சொன்ன பதிலை மறுபடி படித்தால் அதில் ஒரு நேர்மை தெரியும். அப்படியோர் அறை இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிறது, திறக்க இன்ன நிபந்தனை என்கிறார்கள். நிபந்தனை கடினமானது, நிறைவேற்றவே முடியாததுபோல் ஒலிப்பது. ஆனாலும் அது சொல்லப்பட்ட நிபந்தனை என்பதால் அரசன் அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க முடிந்தது. படிமம் மூவராகாது என்றால் அம்பலத்து நடராசர் யார் என்று அவன் கேட்டதாக மேடைகளில் ஒரு வாதம் சொல்வார்கள், கைதட்டலும் கிடைக்கும். அந்த வாதம் எழுவதற்கும் முதலில் ஒரு ‘முடியாது’ தேவைப்பட்டது. கதையிலேயே ஆரோக்கியமான தருணம் எது என்றால், பலரும் பழிக்கும் அந்த மறுப்பைத்தான் இக்கட்டுரை சுட்டும்.

சர்வர் அறையில் இதற்கு நேரான சான்று இருக்கிறது. சாதாரணக் கணக்கு ஒன்றின் பெயரில், நெட்வொர்க் வழியாக, இரவுதோறும் ரோபோகாப்பி கொண்டு நகலெடுப்பு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்குக்கு அனுமதியில்லாத ஃபோல்டர் வெறுமனே பூட்டியிருந்தால், காலையில் பதிவேட்டில் ‘அக்செஸ் டினைட்’ என்று ஒரு வரி நிற்கும். பொறுப்பாளர் எரிச்சலோடாவது அதைச் சரிசெய்வார். அதே ஃபோல்டர் எனுமரேஷனால் மறைக்கப்பட்டிருந்தால், நகலெடுக்கும் நிரலுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. பிழை எதுவும் பதிவாகாது. எல்லாம் நகலானது என்று அறிக்கை சுத்தமாக வரும், ஆண்டுக்கணக்கில் வரும். வட்டு பழுதாகும் நாளில்தான் கறையான் தெரியும்.

இங்கே ஒரு மறுப்புரை எழும். தேவாரம் தொலைந்துபோகவே இல்லையே? ஒன்பதாம் நூற்றாண்டுத் திருவல்லம் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோருக்கு நிவந்தம் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும் உடன் வாசிக்க இருவரையும் அமர்த்தினான். நாடெங்கும் பாடிக்கொண்டிருந்ததை ஓர் அறையில் கண்டெடுத்ததாகச் சொல்வது கட்டுக்கதை என்பார்கள். கல்வெட்டுச் சான்று மறுக்க முடியாதது. ஆனால் அது இந்த வாசிப்பைக் குலைக்கவில்லை, பலப்படுத்துகிறது. ஊர்தோறும் அவரவர் பாடிய பதிகங்கள் பிழைத்தன. யாரும் பாராத தொகுப்பு அரிபட்டது. திருவிடைவாய்ச் சம்பந்தர் பதிகம் இதற்கு நல்ல சாட்சி. தொகுப்பில் இடம்பெறாத அது, அவ்வூர்க் கோயில் கல்வெட்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டில்தான் படித்தெடுக்கப்பட்டது. தில்லை அறை காப்பாற்றாததை, போவோர் வருவோர் கண்ணில் பட்ட ஒரு சுவர் காப்பாற்றியது.

2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் தோண்டியபோது நானூற்றுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகள் கிடைத்தனவே, மறைந்திருந்தும் அவை அழியவில்லையே என்று கேட்கலாம். செம்பைக் கறையான் தின்னாது, அவ்வளவுதான் விடை. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் நரலோகவீரன் மூவர் பாடலைச் செப்பேட்டில் எழுதித் தில்லையில் வைத்ததைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஓலையை நம்பி ஒரு முறை பட்ட பாடு அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

கதவு திறந்தபின் ஒலித்ததாக நூல் சொல்லும் அசரீரி இன்னும் சிக்கலானது. இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்து, மற்றவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்கிறது அது. பக்தி மரபு இதில் அருளைக் காண்கிறது; அதில் தலையிட இங்கே இடமில்லை. ஆவணக் காப்பக நோக்கில் பார்த்தால், இழப்பு நிகழ்ந்தபின் அதைத் தேர்வாக மாற்றிச் சொல்லும் வாக்கியம் இது. பழைய கோப்புகள் எப்படியும் தேவைப்படாதவை என்று எந்த அலுவலகத்திலும் கேட்கக் கிடைக்கும் வாக்கியமும்கூட. நூலாசிரியர் உமாபதியாரானால் இதற்கு இன்னொரு கனமும் சேர்கிறது. தில்லைவாழ் அந்தணராகிய தீட்சிதர் மரபில் பிறந்து, மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டதால் விலக்கப்பட்டு, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ்ந்தவர் என்று மரபு அவரைச் சொல்கிறது. கதவு அடைபடுவது எப்படியிருக்கும் என்று அறிந்தவர், அந்தணரின் மறுப்பைக் கண்டிக்காமல் கடந்து, கறையானில் நிறுத்துகிறார். இது தற்செயல் என்று இக்கட்டுரையால் கொள்ள முடியவில்லை.

மறைப்பே கூடாது என்பதல்ல முடிவு. ஃபோல்டரின் பெயரே சங்கதியைச் சொல்லிவிடும் இடங்கள் உண்டு: ஊழியர் ஒருவரின் பெயரோடு ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்றிருந்தால் திறக்கத் தேவையேயில்லை. அங்கே எனுமரேஷன் வேண்டியதுதான். ஆனால் சர்வரிலேயே நேரடியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது எதையும் மறைப்பதில்லை. நிர்வாகிக் கணக்குக்கு நெட்வொர்க் வழியாகவும் எல்லாம் தெரியும். நகலெடுப்பு ‘பேக்கப் ஆபரேட்டர்ஸ்’ உரிமையோடு, அனுமதிகளைத் தாண்டிப் படிக்கும் முறையில் ஓட வேண்டும். முழுப் பட்டியல் ஒருவர் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பணி மாறும்போது பட்டியலும் கைமாற வேண்டும். தில்லை அறைக்கு இல்லாமல் போனது இந்தக் கைமாற்றம்தான்.

புராணம் அறையோடு முடிவதில்லை. பாடல்கள் கிடைத்தும் பண் தெரியவில்லை. ஓலையில் அது இல்லை. விருத்தாசலத்துக்கு அருகில் உள்ள திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுக்கிறார்கள். முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் பின்னிணைப்பாகத் தள்ளும் பகுதி இது. எண்ணிக்கையிலும் இதே இடைவெளி உண்டு: மூவர் பாடியவை முறையே 16,000, 49,000, 38,000 பதிகங்கள் என்பது மரபுக் கணக்கு. கையில் இருப்பவை 796. அந்தப் பெரிய எண்களை மிகை என்று தள்ளுவது எளிது. ஆனால் எவ்வளவு மிகை என்று அளக்க அறையின் பட்டியல் வேண்டும், அது எழுதப்பட்டதாக எந்தச் சான்றும் கிடைக்கவில்லை.