குறிநோக்கியும் கண்ணும்: மட்டக்களப்புக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்த மாலுமி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்தான். சீலாந்து மாகாணத்து வேரெ துறையிலிருந்து புறப்பட்ட அவனுடைய கப்பல்களிற் பீரங்கி இருந்தது. தொலைநோக்கி இல்லை, இருந்திருக்கவும் இயலாது. வேரெக்கு அணித்தாகிய மிடில்பர்க் நகரிற் கண்ணாடி வினைஞன் ஹான்ஸ் லிப்பர்ஷே அக்கருவிக்கு உரிமை கோரியது 1608இலேயாம். ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனோடு கூடிப் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய 1638இல், அக்கருவிக்கு முப்பது வயது நிரம்பிவிட்டது. குழலினுட் புரிவெட்டிய துவக்கும் ஐரோப்பாவில் அதற்கு முன்னரே உண்டு. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றிணைய மேலும் இருநூறு ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்திற்குக் காரணம் யாது?

முதற் காரணம் ஒளியியல் சார்ந்தது. லிப்பர்ஷேயின் கருவியுள் உண்மை விம்பம் தோன்றுவதில்லை. ஆதலின் குறிக்கோடு இடுவதற்கு அதில் இடமில்லை. கெப்ளர் 1611இல் விளக்கிய அமைப்பிலேயே அது கைகூடும். வில்லியம் காஸ்கோயின் என்னும் ஆங்கில வானியலார் தம் தொலைநோக்கியுட் சிலந்தியிழையொன்று தெளிவுறத் தெரிவதைக் கண்டு இதனை உணர்ந்தார். அவரோ 1644இற் போரில் மாண்டார். குறிக்கோடு நெடுங்காலம் வானியலார்க்கும் நில அளவையாளர்க்குமே பயன்பட்டது. 1835க்கும் 1840க்கும் இடையில் யோன் சப்மன் என்னும் பொறியியலாளரின் கருத்துக்களைக் கொண்டு நியூயோர்க் மாநிலத்து மோர்கன் ஜேம்ஸ் செய்த குறிநோக்கியே பெயர் பெற்ற முதலாவதாகும். அது துவக்குக் குழலின் நீளமே உடையது!

இரண்டாங் காரணம் பின்னுதைப்பு. நுவரெலியாவிற் குடியேறி, நம் கீழ்க்கரைக் காடுகளிலும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெருந்துவக்கு 21 இறாத்தல் நிறையுடையது. ஓர் அவுன்சு மருந்திட்டு மூன்று அவுன்சுக் குண்டினை எறிவது. கண்ணருகே ஆடியை வைத்து அதனை வெடித்திருப்பின் கண் தப்பியிராதென்பது எமது துணிபு. யானையை மிக அண்மையில் எதிர்கொள்பவனுக்குத் தொலைநோக்கி எதற்கு?

இலக்குப் பயிற்சியை விளையாட்டாகக் கொள்வோர் நிலை வேறு. உருப்பெருக்கம் மிகுந்ததே சிறந்ததென்ற எண்ணம் அவர்களிடையே பரவலாக உண்டு. இதனை யாம் ஏற்கமாட்டோம். பொருள்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் பெறப்படும். 40 மில்லிமீற்றர் வில்லை எண்மடங்கு பெருக்கும்போது 5 மில்லிமீற்றர்க் கற்றையும், இருபது மடங்கு பெருக்கும்போது 2 மில்லிமீற்றர்க் கற்றையும் தரும். வைகறையில் விரிந்துள்ள கண்மணிக்குப் பின்னையது போதாது. நண்பகலிலோ ஒளிக்குக் குறைவில்லை. ஆனால் களப்பைச் சூழ்ந்த மணற்றரையிலும் அறுவடை முடிந்த வயல்வெளியிலும் எழும் கானலை அவ்விருபது மடங்கு இலக்கோடு சேர்த்தே பெருக்கிக் காட்டும். இலக்கு நீரில் மிதப்பது போல் அசையும். கை நடுக்கமும் அவ்வாறே பெருகித் தோன்றும்.

விற்போர் பெரிதும் பேசாத குறை இடமாறு தோற்றம். இலக்கின் விம்பம் குறிக்கோட்டின் தளத்தில் விழாவிடின், கண் சிறிது விலகினும் குறி விலகும். நூறு யார் தூரத்துக்குத் திருத்திய கருவியை 25 யாரில் வைத்துப் பழகுவோன் தன் கையை நோவதிற் பயனில்லை. தூரத்துக்கேற்பத் திருத்தும் வசதியுள்ள எளிய கருவி, அஃதில்லாத பெருங்கருவியினும் அவனுக்கு ஏற்றது.

ஒலிம்பிக் றைபிட் போட்டிகளிற் குறிநோக்கிக்கு இன்றும் இடமில்லை. துளைவழி நோக்கியே சுடுகின்றனர். ஐம்பது மீற்றர் இலக்கில் நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர்.