ஜெஸ்ஸோ அரைத்த பிள்ளைகள்

பள்ளிச் சித்திர வகுப்பில் அட்டைக்கும் பலகைக்கும் முதலில் பூசும் வெள்ளைக் குழம்பே ஜெஸ்ஸோ. 1950-களில் அக்ரிலிக் வண்ணம் வந்தபின் அது போத்தலில் வாங்கும் பொருளாயிற்று.

பழைய இத்தாலியில் அவ்வளவு எளிதன்று. 1400-ஆம் ஆண்டையொட்டிச் சென்னினோ சென்னினி என்னும் ஓவியர் எழுதிய கைந்நூலின்படி, சுட்ட ஜிப்சம் மாவைத் தொட்டி நீரிலிட்டு, இறுகாதவாறு ஒரு மாதம் நாள்தோறும் கிளற வேண்டும். பிறகு ஆட்டுத்தோல் காய்ச்சிய பசையில் குழைத்து, எட்டு முறையேனும் பூச வேண்டும். தங்கரேக்கு பளபளப்பது அந்த வழவழப்பினால்தான்.

இவ்வளவையும் அரைத்தவர் யார்? பட்டறைச் சிறுவர்களே. முதலாண்டு வரைந்து பழகுவது. அடுத்த ஆறாண்டு வண்ணம் அரைத்தல், பசை காய்ச்சல், ஜெஸ்ஸோ பூசிச் சுரண்டல். அதன்பின் மேலும் ஆறாண்டு வண்ணம் தீட்டும் பயிற்சி. ஆக, 13 ஆண்டுகள்! அருங்காட்சியகங்களில் நாம் வியந்து நிற்கும் அப்பலகைகளின் கீழே ஆசானின் பெயர் உண்டு; அரைத்த பிள்ளைகளின் பெயரைத்தான் காணோம்.