வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு வீடு

ஹாஸ்பிஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது முதியவர்களும் புற்றுநோயும்தான். 1967இல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்துக்கு வந்தவர்களும் பெரும்பாலும் புற்றுநோயாளிகளே. பிறகு 1982இல் சகோதரி பிரான்சிஸ் டொமினிகா ஆக்ஸ்போர்டில் ஹெலன் ஹவுஸைத் திறந்தார். குழந்தைகளுக்கென்றே உருவான முதல் ஹாஸ்பிஸ் அது.

அடுத்து வந்ததுதான் யாரும் எதிர்பாராத சிக்கல். டூஷேன் தசைச்சிதைவு நோய் கண்ட பையன்கள் அன்று இருபது வயதைத் தாண்டுவதே அரிது. மூச்சுக்கு உதவும் கருவி வீட்டுக்கே வந்தபின் பலர் முப்பதைத் தொட்டார்கள். நல்ல செய்திதானே? ஆனால் குழந்தைகள் இல்லத்துக்கு இவர்கள் வயது கடந்தவர்கள். பெரியவர்கள் இல்லமோ பெரும்பாலும் கடைசி சில வாரங்களுக்கானது. இவர்களுக்குத் தேவை பல ஆண்டுத் துணை: வலி தணிப்பு, மூச்சுக்கு உதவி, பெற்றோருக்குச் சில நாள் ஓய்வு, சம வயதினரோடு அரட்டை.

அதற்காகவே 2004இல் ஹெலன் ஹவுஸுக்குப் பக்கத்தில் டக்ளஸ் ஹவுஸ் திறக்கப்பட்டது, 16 வயதைத் தாண்டிய இளைஞர்களுக்காக. 2018இல் பணப் பற்றாக்குறையால் அது மூடப்பட்டது.

ஆயுளை நீட்டக் கருவி செய்த சமூகம், அந்த ஆயுளை வாழ ஓர் இடமும் தர வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.