ஆர்க்டிக் கடற்பனியின் தொல்வரலாறும் கிரீன்லாந்துக் குடியேற்றங்களும்

ஆர்க்டிக் கடற்பரப்பில் உறையும் பனிக்கட்டியைச் செயற்கைக்கோள்கள் 1978ஆம் ஆண்டின் இறுதியிலிருந்துதான் இடைவிடாமல் அளந்து வருகின்றன. அதற்கு முன் 1890களிலிருந்து டென்மார்க் வானிலை நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்ட பனி வரைபடங்களும், திமிங்கில வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளும், கரையொதுங்கிய பனியைக் குறித்த ஐஸ்லாந்தின் பழம்பதிவுகளும் உதவுகின்றன. அவற்றுக்கும் முந்திய ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் நிலையை இயற்கை விட்டுச்சென்ற தடயங்களிலிருந்தே அறிய வேண்டியிருக்கிறது.

இத்தடயங்களில் முக்கியமானது ஐபி25 என்னும் கொழுப்புவகை வேதிப்பொருள். பனிக்கட்டியின் அடிப்பகுதியில் வளரும் சிலவகை டயாட்டம் பாசிகள் வசந்தகாலத்தில் இதை உருவாக்குகின்றன. பனி உருகியதும் இது கடலடிச் சேற்றில் படிகிறது. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் பெல்ட் குழுவினர் 2007இல் இதைப் பனியின் அடையாளமாக முன்வைத்தனர். சேற்றில் ஐபி25 இருந்தால் அங்கே பருவகாலப் பனி இருந்தது உறுதி. இல்லாதபோதுதான் சிக்கல்: பனியே இல்லாத கடலிலும் அது உண்டாகாது, ஒளி புகாத நிரந்தரப் பனியின் கீழும் உண்டாகாது. இவ்விரண்டையும் பிரித்தறிய, திறந்த நீரில் வாழும் மிதவைப் பாசிகளின் வேதித்தடயங்களையும் சேர்த்து அளக்கிறார்கள்.

கரையிலும் சான்றுகள் உண்டு. சைபீரிய, வட அமெரிக்க ஆறுகள் அடித்துவரும் மரங்கள் நெடுங்காலம் மிதக்கமாட்டா. பல ஆண்டுகள் நீடிக்கும் பனிக்கட்டியில் சிக்கினால்தான் பெருங்கடலைக் கடந்து கிரீன்லாந்தின் வடகரையை அடைய முடியும். அலைகள் குவித்த கரைமேடுகளோ நேர்மாறானதைச் சொல்கின்றன: கோடையில் கடல் திறந்திருந்தால்தான் அவை உருவாகும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஸ்வென்ட் ஃபுண்டர் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 8,500 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு பனிப்பரப்பு இன்றையதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது. கனடாவின் தீவுக்கூட்டத்தில், கடலிலிருந்து உயர்ந்துவிட்ட பழைய கரைகளில் கிடக்கும் போஹெட் திமிங்கில எலும்புகள், எந்தக் கால்வாய்கள் எப்போது கோடையில் திறந்திருந்தன என்பதைக் காட்டுகின்றன.

மனிதக் குடியேற்றத்தோடு இணைத்துப் பார்க்கும்போது, பனி கூடியதா குறைந்ததா என்று மட்டும் கேட்பது போதாது. பனிக்கட்டி கப்பலுக்குத் தடை. சீல் வேட்டையாடுபவருக்கு அதுவே நிலம், நாய்ச்சறுக்கு வண்டிக்கு அதுவே சாலை. எந்தப் பருவத்தில், எவ்வளவு நம்பகமாகப் பனி உறைந்தது என்பதே வாழ்வைத் தீர்மானித்தது.

கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையிலுள்ள பிக்கியாலாசோர்சுவாக் என்னும் திறந்தநீர்ப் பரப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நேர்ஸ் நீரிணையில் உருவாகும் பனி வளைவு வடக்கிலிருந்து வரும் மிதவைப் பனியைத் தடுத்து நிறுத்துகிறது. தெற்கே புதிதாக உறையும் பனியைக் காற்றும் நீரோட்டமும் அகற்றிவிடுகின்றன. ஆகவே கடல் திறந்திருப்பதற்கே உறுதியான பனி தேவைப்படுகிறது. இங்குதான் வால்ரஸ், நார்வால், கடற்பறவைகள் திரள்கின்றன. கடலடிப் படிவுகளின்படி, சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன்பு இப்பரப்பு நிலைபெற்றது. கிரீன்லாந்தில் முதல் மனிதர்கள் கால்வைத்ததும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். சுமார் 2,200 முதல் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு வரை இது நிலைகுலைந்திருந்த காலமும், கிரீன்லாந்தில் மனிதத் தடயங்கள் அற்றுப்போன காலமும் பெரிதும் ஒத்துப்போகின்றன.

நார்ஸ் மக்கள் 985ஐ ஒட்டிக் கிரீன்லாந்தின் தென்மேற்கில் கிழக்கு, மேற்கு என இரு குடியிருப்புகளாகக் குடியேறினர். ஐஸ்லாந்திலிருந்து மேற்கே செல்லும் பழைய கடல்வழியைப் பனி அடைத்துவிட்டதாக 14ஆம் நூற்றாண்டின் ஈவார் பார்தார்சன் பெயரிலான விவரணை கூறுகிறது. மேற்குக் குடியிருப்பு அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டது. 1408இல் ஹ்வால்சே தேவாலயத்தில் நடந்த திருமணமே கிழக்குக் குடியிருப்பைப் பற்றிய கடைசி எழுத்துப்பதிவு. எனினும் பனியை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. அவர்களுடைய எலும்புகளின் கார்பன் ஐசோடோப்புகள், நாளடைவில் உணவில் கடலுணவின் பங்கு பெருகியதைக் காட்டுகின்றன. அதாவது அவர்கள் மாறிவரும் சூழலுக்கேற்பத் தங்களை மாற்றிக்கொண்டே வந்தனர். வால்ரஸ் தந்தங்களின் வணிகம் சரிந்ததும் வறட்சியும் காரணங்களாகச் சேர்த்தே எண்ணப்படுகின்றன. கடற்படிவுகளின் ரேடியோ கார்பன் காலக்கணிப்பில் பல பத்தாண்டுப் பிழை வரக்கூடும் என்பதால், சில ஆண்டுகளில் முடிந்துபோயிருக்கக்கூடிய ஒரு வெளியேற்றத்தைக் குறிப்பிட்ட பனிமாற்றத்தோடு இணைப்பது கடினம்.

நார்ஸ் மக்கள் வாழ்ந்த அதே காலத்தில் துலே பண்பாட்டினர், அதாவது இன்றைய இனுயிட்டுகளின் முன்னோர், அலாஸ்கா பக்கமிருந்து வந்து கிரீன்லாந்து முழுவதும் பரவினர். தோல்படகில் திறந்த கடலிலும், சீல்களின் மூச்சுத்துளையருகே உறைந்த கடலிலும் வேட்டையாடத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களையும் குளிர் விட்டுவைக்கவில்லை. 1818இல் கடலோடி ஜான் ராஸ் வடமேற்குக் கரையில் சந்தித்த, துலே வழிவந்த இனுகுயிட் மக்களிடம் கயாக் என்னும் தோல்படகுகள் இல்லை. சிறு பனியூழி எனப்படும் குளிர்ந்த காலத்தில் அவர்கள் தனிமைப்பட்டுப்போனது ஒரு காரணம். கயாக் செய்யத் தெரிந்த முதியோரைப் பலிகொண்ட கொள்ளைநோயை அவர்களுடைய வாய்மொழி மரபு நினைவுகூர்கிறது. 1860களில் பாஃபின் தீவுப் பக்கமிருந்து கிட்லார்சுவாக் தலைமையில் வந்தவர்களே கயாக் செய்யும் கலையை மீண்டும் அங்கே கற்பித்தனர்.